நாற்பத்திரண்டு பேரும் தேவகியும்

தேவகி, கேட்டியா? என்னை ரிட்டயர்டு என்கிறார்கள். இருபத்தொன்பது வயதில்.

நீ இருந்திருந்தால் மைக்கை எடுத்து பஸ் முழுக்கச் சொல்லிச் சிரிக்க வைத்திருப்பாய். நீ இல்லாததால் நானே எழுத வேண்டியிருக்கிறது. எட்டாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன். தப்பு இருந்தால் மேலேயிருந்து திருத்து.

மற்றவர்களுக்கு முதலிலிருந்து சொல்கிறேன். ஸ்ரீரங்கத்திலிருந்து பெருமாள் கோயில்களுக்கு யாத்திரை போகும் பஸ் ஒன்றில் ஒன்பது வருஷம் சமையல் வேலை பார்த்தேன். என் பெயர் கஸ்தூரி. தேவகி அதே பஸ்ஸில் கைடு. மைக் பிடித்துப் பேசுவது, ஆட்களை எண்ணுவது, காணாமல் போன மூக்குக்கண்ணாடியைத் தேடுவது எல்லாம் அவள் வேலை. போன தை மாதம் அவள் இறந்துபோனாள். அடுத்த யாத்திரையோடு நான் வேலையை விட்டேன். இப்போது அந்தப் பஸ்ஸில் மூன்று புதுப் பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள். "அக்கா, நீங்கதான் ரிட்டயர்டு ஆயிட்டீங்களே, உங்க அனுபவத்த கொஞ்சம் எழுதிக் குடுங்க" என்று போன் செய்கிறார்கள். அதோடு, இனி ஆட்களை எண்ண வேண்டாமாம். ஓனர் ஒவ்வொரு பயணிக்கும் கையில் ஒரு பட்டை கட்டிவிடுகிறாராம். போனைக் காட்டினால் எத்தனை பேர் ஏறினார்கள் என்று அதுவே சொல்லுமாம்.

அதைக் கேட்டதும்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் வேலை கற்றுக்கொண்ட கதை பெரிதாக ஒன்றுமில்லை. ஜீயபுரத்தில் வீடு. கல்யாண மண்டபத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அங்கிருந்து பஸ்ஸுக்கு வந்தேன். ஓடுகிற பஸ்ஸில் வாழைக்காய் சீவக் கற்றுக்கொள்ள ஒரே ஒரு யாத்திரை போதும். இடது கைப் பெருவிரலில் அதற்கான சான்றிதழ் தழும்பாக இருக்கிறது. வெங்காயம் பூண்டு இல்லாமல் நாற்பது பேரை நான்கு நாள் திட்டாமல் சாப்பிட வைக்க மட்டும் இரண்டு வருஷம் ஆனது.

ஓனரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊர் ஊராகப் பஸ் விடுகிற அவருக்குப் பஸ் ஏறினால் வாந்தி வரும். சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் வருவதற்குள் எலுமிச்சம்பழத்தை இரண்டு முறை முகர்வார். அதனால் எங்களோடு ஒரு முறைகூட வந்ததில்லை. ஆபீஸில் உட்கார்ந்தபடி, பஸ் எங்கே போகிறது என்று போனில் ஒரு புள்ளியாகப் பார்த்துக்கொண்டிருப்பார். பயணிகளைப் பார்த்தால் இடுப்பு வரை குனிந்து கும்பிடுவார். எங்களிடம் பேசும்போது அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே பேசுவார். போன் செய்தால் "ஹலோ" கிடையாது, "சாப்பிட்டீங்களா" கிடையாது. ஒரே கேள்விதான்.

"எண்ணியாச்சா?"

அதற்கு ஒரு காரணம் உண்டு. நாங்கள் சேர்வதற்கு முன்னால் ஒரு யாத்திரையில் முசிறிப் பெரியவர் ஒருவரைப் பாதி வழியில் விட்டுவிட்டு வந்துவிட்டார்களாம். மறுநாள் அவருடைய சொந்தக்காரர்கள் ஆபீஸ் நாற்காலியை எல்லாம் தெருவில் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து ஒரு சட்டம்: ஆளை விட்டால் வேலை போச்சு. அடுத்த பேச்சு இல்லை.

அதனால் நாங்கள் எண்ணுகிற முறை இப்படி. தேவகி முன்னாலிருந்து பின்னால் வருவாள், ஒவ்வொரு சீட்டின் முதுகையும் தொட்டுத் தொட்டு. நான் பின்னாலிருந்து முன்னால் போவேன். நடுவில் சந்திக்கும்போது யாரும் எண்ணைச் சொல்லக் கூடாது. இரண்டு பேரும் கடந்து போய் முழுதாக முடித்த பிறகுதான் சொல்ல வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் அவள் டிரைவர் செல்வராஜ் அண்ணனைப் பார்த்து, "போலாம் ரைட்" என்பாள். கோயிலில் தலையை எண்ண முடியாது, கூட்டம் கலந்துவிடும். அதனால் அங்கெல்லாம் ஒரு மரத்தடியில் எல்லாரையும் செருப்பைக் கழற்ற வைத்து ஜோடியை எண்ணிக்கொள்வோம். திரும்பி வரும்போது செருப்பு மிச்சம் இருந்தால் ஆள் மிச்சம். செருப்பு காலியானால் ஆள் சரி. இந்தச் செருப்புக் கணக்கு தேவகியின் கண்டுபிடிப்பு. ஒன்பது வருஷத்தில் ஒரு ஆள்கூடத் தவறவில்லை.

கலங்கரை விளக்கம் யாத்திரையில் வந்து சேர்ந்தது போட்டியால். வேறொரு பஸ்காரர் கடற்கரை காட்டுகிறார் என்று கேள்விப்பட்டு, ஓனர் நோட்டீசில் "முட்டம் கலங்கரை விளக்கம், கண்கொள்ளாக் காட்சி" என்று சேர்த்துவிட்டார். திருவட்டாறு சேவித்துவிட்டு கன்னியாகுமரி போகும் வழியில், சாயங்காலம் ஒரு மணி நேரம். கடலை ஒட்டிச் செம்பாறை மேடு. அதன் மேல் வெள்ளைக்காரன் காலத்து விளக்குக் கோபுரம்.

முதல் தடவை போனபோதே நம்ம ஊர் ஆட்கள் கோபுர வாசலில் செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டார்கள். அங்கே டிக்கெட் பார்க்கிற அண்ணாச்சி ஓடி வந்தார்.

"செருப்ப எதுக்கு கழத்துதீய? இது கோயிலு இல்லம்மா, லைட் ஹவுசு."

லால்குடி அம்மா ஒருவர், "இருக்கட்டும் தம்பி, உசரமா இருக்குல்ல" என்று சொல்லிவிட்டுப் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினார்.

தேவகிக்கு அது வசதியாகிவிட்டது. அங்கேயும் செருப்புக் கணக்குதான்.

தேவகி அந்தக் கோபுரத்தைப் பற்றி மைக்கில் பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். "நூத்தியெட்டு படி, சுத்திச் சுத்திப் போகும். மேல போனா ஒரு பக்கம் பாறையில பால் பொங்குற மாதிரி அலை, இன்னொரு பக்கம் தென்னந்தோப்பு பாய் விரிச்ச மாதிரி. வானம் தெளிவா இருந்தா இலங்கை தெரியும்." கேட்டவுடன் முட்டி வலிக்காரர்கள்கூட எழுந்து நிற்பார்கள். "நூத்தியெட்டா? எண்ணினியா?" என்று ஒருநாள் கேட்டேன். "நூத்தியெட்டுன்னு சொன்னாத்தான்டி நம்ம ஊரு ஆளுங்க ஏறுவாங்க. நாப்பத்தேழுன்னு சொல்லிப் பாரு, பஸ்ஸ விட்டு எறங்க மாட்டாங்க" என்றாள்.

விஷயம் என்னவென்றால், அவள் அதில் ஏறியதே இல்லை. ஆறு வருஷமாக அந்த வாசலுக்குப் போகிறாள், ஒரு படி ஏறவில்லை. ஏற முடியாதவர்கள் பத்துப் பதினைந்து பேர் கீழே இருப்பார்கள். அவர்களோடு ஒருத்தி இருக்க வேண்டும். மேலே போகிறவர்களின் கைப்பை, போன், ஒரு தடவை பல்செட் வரை இவள் மடியில்தான். நான் பஸ் பக்கத்தில் அடுப்பை வைத்துக் காப்பி போட்டுக்கொண்டிருப்பேன். மேலே ஏறி, கண்ணால் பார்த்துவிட்டு இறங்கி வருகிறவர்கள் இவளிடம் வந்து, "அந்தப் பக்கம் ஒரு சர்ச்சு தெரியுதே, அது எந்த ஊரும்மா?" என்று கேட்பார்கள். இவளும் ஒரு ஊர் பெயரைச் சொல்வாள். ஒவ்வொரு தடவையும் வேறு ஊர்.

எல்லாரும் பஸ்ஸில் ஏறின பிறகு ஒருமுறை அண்ணாந்து பார்ப்பாள். "அடுத்த தடவ" என்பாள். அவ்வளவுதான். இது எனக்கு மட்டும் தெரியும்.

போன புரட்டாசி யாத்திரையில் பஸ் நிறைய நாற்பத்திரண்டு பேர். அதில் ஒருவர் வடக்கு உத்தர வீதி சம்பத் மாமா. ஏறின உடனே, "சமையல் யாரு?" என்று கேட்டார். அவர் எதற்குக் கேட்கிறார் என்று தேவகிக்குத் தெரியும். "கேஸ் அடுப்பு மாமா" என்றாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தன் டப்பாவிலிருந்து அவல் சாப்பிட்டார். இரண்டாம் நாள் என் புளியோதரை வாசனைக்கு டப்பாவை மூடினார். மூன்றாம் நாள், "உப்பு ஒரு கல்லு கொறச்சல்" என்று சொல்லிவிட்டு மூன்றாவது தடவை கேட்டு வாங்கினார். ஆனால் தேவகியை மட்டும் விடவில்லை. மைக் சத்தம் அதிகம், ஸ்தல புராணம் தப்பு, ஏசி குளிர், ஏசி போதவில்லை என்று ஏதாவது இருக்கும்.

அன்றைக்குச் சனிக்கிழமை. பஸ் முட்டத்தை நெருங்கும்போது தேவகி வழக்கம்போல ஆரம்பித்தாள். இலங்கை வரைக்கும் வந்ததும் மாமா குறுக்கே கேட்டார்.

"ஏம்மா கொழந்தே, இலங்கை தெரியும்னியே. நீ பாத்திருக்கியோ?"

"பாத்திருக்கேன் மாமா."

"எப்போ?"

பஸ்ஸே சிரித்தது. அவளும் சிரித்தாள். பிறகு மைக்கை வைத்துவிட்டுப் பின்னால் என்னிடம் வந்து, பாத்திரத் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஏற்கெனவே நறுக்கின கொத்தவரங்காயை இன்னும் பொடியாக நறுக்கினாள்.

"இன்னிக்கு நீ ஏறு. நான் கீழ நிக்கிறேன்" என்றேன்.

"காப்பி?"

"ஃபிளாஸ்க்ல இருக்கு."

"எண்ணணும்டி."

"எனக்கு எண்ணத் தெரியாதா? எட்டாவது வரைக்கும் கணக்குல பாஸு. நீதான் பத்தாவதுல ஃபெயிலான."

கையை ஓங்கினாள். கண் மட்டும் சின்னப் பிள்ளை மாதிரி இருந்தது.

இங்கே மூன்று சங்கதி சொல்ல வேண்டும். ஒன்று, தேவகியிடம் ஒரு சிவப்புக் குடை உண்டு. அதை உயரத் தூக்கிக்கொண்டு போனால் எல்லாரும் பின்னால் வருவார்கள். அன்றைக்கு அதை என்னிடம் கொடுத்தாள். இரண்டு, திருவட்டாறில் அவள் செருப்பு வார் அறுந்துவிட்டது. பஸ்ஸிலேயே போட்டுவிட்டு வெறும் காலோடு வந்தாள். மூன்று, அவள் போன் டிரைவர் சீட்டுப் பக்கத்தில் சார்ஜில் இருந்தது.

எல்லாரும் ஏறி, இறங்க ஆரம்பித்த பிறகுதான் தேவகி ஏறினாள். வாசலில் நின்று, படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் சிரித்தேன். "உசரமா இருக்குல்ல" என்றாள்.

அதற்குள் ஒரு அம்மாவுக்குத் தலைசுற்றல். தண்ணீர் கொடுத்து, விசிறி, கைத்தாங்கலாக பஸ்ஸில் ஏற்றினேன். ஒருவருக்கு பாத்ரூம் எங்கே என்று காட்டினேன். ஃபிளாஸ்க்கில் காப்பி தீர்ந்துபோய் மாமா கத்தினார். வாசலைப் பார்த்தேன். செருப்பு ஒன்றுகூட இல்லை, காலி. குடையைத் தூக்கினேன், எல்லாரும் பின்னால் வந்தார்கள். குடையை டிரைவர் பக்கத்தில் அதன் வழக்கமான கொக்கியில் மாட்டினேன். முன்னாலிருந்து பின்னால் எண்ணினேன், நாற்பத்திரண்டு. பின்னாலிருந்து முன்னால் எண்ணினேன், நாற்பத்திரண்டு. பின்னால் போய் என் இடத்தில் உட்காரவும் என் போனில் ஓனர் கூப்பிட்டார்.

"எண்ணியாச்சா?"

"எண்ணியாச்சுங்க சார். ரெண்டு வாட்டி எண்ணிட்டேன். நாப்பத்திரண்டு, கரெக்டா இருக்கு."

எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் தெரியுமா? கணக்கு சரியாக வந்துவிட்டால் மூளை கதவைச் சாத்திக்கொள்ளும் போலிருக்கிறது. அவளை நான்தான் மேலே அனுப்பினேன். அது மறக்கவில்லை. எல்லாரும் வந்துவிட்டார்கள் என்றால் அவளும் வந்திருப்பாள் என்று என் தலை தானாகவே போட்டுக்கொண்டது. ஒன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட நான் தேவகியை எண்ணியதில்லை. எண்ணுகிறவளை யார் எண்ணுவார்கள்? செல்வராஜ் அண்ணன் கொக்கியில் குடையைப் பார்த்தார். ஆள் பின்னால் காய் நறுக்கப் போயிருக்கிறாள் என்று நினைத்து வண்டியை எடுத்தார். நான், அவள் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்துப் புளியைக் கரைத்தேன்.

பத்து நிமிஷம் கழித்து மாமா, "அப்பாடா, இன்னிக்குத்தான் காது நிம்மதியா இருக்கு" என்றார். பக்கத்து சீட்டுக்காரர்கள் சிரித்தார்கள்.

இன்னும் பத்து நிமிஷம் கழித்து சார்ஜில் இருந்த போன் அடித்தது. செல்வராஜ் அண்ணன் முன்னாலிருந்து கத்தினார்.

"தேவகீ! ஓனரு போனு!"

நான் பின்னாலிருந்து கத்தினேன். "அவ முன்னாடிதானே இருக்கா!"

போன் அடித்துக்கொண்டே இருந்தது. என் கை புளித்தண்ணீரோடு அப்படியே நின்றது. பாறை மேடு, சாயங்காலம், போன் இல்லை, காலில் செருப்பு இல்லை, தனியாக ஒரு பெண். அதற்குப் பின்னால்தான் எங்கள் இரண்டு பேர் வேலையும் போகும் என்பது ஞாபகம் வந்தது. அவள் சம்பளத்தில்தான் அவள் அம்மாவும் காலேஜ் படிக்கிற தங்கையும்.

செல்வராஜ் அண்ணன் யாரையும் கேட்கவில்லை. வண்டியைத் திருப்பிவிட்டார். திருப்பியதும் போன் நின்று, மறுபடி அடித்தது. புள்ளி திரும்பியதை ஓனர் பார்த்துவிட்டார் என்று தெரிந்துவிட்டது. எனக்கு எடுக்கக் கை வரவில்லை.

சம்பத் மாமா எழுந்து போய் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"யாரு, ஓனரா? நான் சம்பத் பேசறேன். வண்டியத் திருப்பச் சொன்னது நான்தான்."

"ஏனுங்க சாமி, என்னாச்சுங்க?"

"முக்கியமான ஒண்ண அங்கயே விட்டுட்டு வந்துட்டேன். எடுத்துக்காம நகர மாட்டேன்."

"சரிங்க சாமி, சரிங்க. தேவகி எங்கங்க? அதுகிட்ட குடுங்க."

"அவ என்னோட பேச மாட்டா. நான் அவள வம்புக்கு இழுத்துட்டேன், கோச்சுண்டுட்டா."

பிறகு அந்தக் கேள்வி வந்தது.

"எண்ணியாச்சாங்க?"

மாமா பஸ்ஸை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். நாற்பத்தொரு பேரும் அவரையே பார்த்தார்கள்.

"நானே எண்ணிட்டேன். பயணிகள் ஒருத்தரும் கொறையலே."

போனை வைத்துவிட்டு சீட்டில் உட்கார்ந்தார். "பெருமாளே, புரட்டாசி சனிக்கிழமையும் அதுவுமா என்னைப் பொய் சொல்ல வெச்சுட்டாளே" என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இந்தத் தடவையும் வந்திருந்த லால்குடி அம்மா, "அதுல பொய்யி எங்க சாமி இருக்கு, எல்லாம் நெசந்தான்" என்றார். பிறகு, "அண்ணே, கொஞ்சம் வெரசா ஓட்டுங்க" என்று அழ ஆரம்பித்துவிட்டார்.

போய்ச் சேர்ந்தபோது வெயில் சிவந்திருந்தது. நான் புளிக்கையோடு ஓடினேன். தேவகி கோபுரத்தின் அடியில் ஒரு கல்லில் உட்கார்ந்து அண்ணாச்சி கொடுத்த வேர்க்கடலையைத் தின்றுகொண்டிருந்தாள்.

"வாடி கணக்குல பாஸு. நல்லா எண்ணின" என்றாள்.

அவ்வளவுதான், நான் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவள் கடலைத் தோலை ஊதிவிட்டு இரண்டை என் வாயில் போட்டாள்.

"மேலேருந்து பாத்தேன்டி. நம்ம பஸ்ஸு தீப்பெட்டி மாதிரி ரிவர்ஸ் எடுக்குது. ரிவர்ஸ் எடுக்குது, போவுது, போயிட்டே இருக்கு. கத்தினேன் பாரு, காத்துல என் சத்தம் எனக்கே கேக்கல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. எறங்கி ஓடினாப் பஸ்ஸப் புடிக்க முடியுமா? சரின்னு இன்னொரு சுத்து சுத்தினேன். அண்ணாச்சி மேல வந்து, 'ஏ பிள்ள, பஸ்ஸு போயிட்டே'ன்னாரு. 'வரும்ணே, ராத்திரி டிபனுக்கு எல போட ஆள் வேணும்ல'ன்னேன். மூடுற நேரம் வரைக்கும் இருந்துக்கன்னு விட்டுட்டாரு. கஸ்தூரி, நீ ஒழுங்கா எண்ணியிருந்தா எனக்கு அஞ்சு நிமிசந்தான்டி கெடச்சிருக்கும்."

"இலங்கை தெரிஞ்சுதா?"

"ஒண்ணும் தெரியல. கடலு, கடலு, கடலு. நான் மைக்ல சொன்னது எதுவுமே இல்ல. அதவிட நல்லா இருக்கு."

"படி?"

"எண்ணினேன். சொல்ல மாட்டேன்."

கடைசி வரை சொல்லவில்லை. அடுத்த யாத்திரையிலும் நூற்றியெட்டு என்றுதான் மைக்கில் சொன்னாள். இலங்கையையும் விடவில்லை. ஒரே ஒரு வரி புதிதாகச் சேர்த்தாள்: "மேல போனவங்க அவசரப்படாதீங்க, பஸ்ஸு போனாலும் திரும்பி வரும்."

பஸ்ஸில் ஏறினதும் மாமா அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. "மைக்கப் போடும்மா, காது ஞொய்யுங்கறது" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் கணக்கு நாற்பத்திரண்டு இல்லை, நாற்பத்துமூன்று. நான் எண்ணி முடித்து கடைசியில் அவள் தலையில் ஒரு தட்டு தட்டுவேன். அவள் என் தலையில் தட்டுவதும் உண்டு. அப்போது நாற்பத்துநான்கு என்று சண்டை வரும். செல்வராஜ் அண்ணன், "நான் என்ன எஞ்சினா?" என்பார்.

தை மாதம் காய்ச்சல் என்று படுத்தாள். சாதாரணக் காய்ச்சல் என்றுதான் அவளும் நினைத்தாள், நானும் நினைத்தேன். ஆஸ்பத்திரியில் நான்கு நாள். கடைசியாகப் போனபோது, "அடுத்த டிரிப்பு எத்தன பேரு?" என்று கேட்டாள். நாற்பத்திரண்டு என்றேன். "என்னயும் சேத்தா, சேக்காமயா?" என்றாள். சேர்க்காமல் என்றேன். தலையை ஆட்டினாள்.

ஓயாமாரி சுடுகாட்டில் ஓனர் வந்து மாலை போட்டார். சத்திரத்திலிருந்து ஆட்டோவில் வந்ததற்கே அவர் முகம் வெளுத்திருந்தது. செல்வராஜ் அண்ணனிடம் போய் மெதுவாக, "எல்லாரும் வந்தாச்சா? எண்ணியாச்சா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் அன்றைக்குப் போய்விட்டது. பாவம், அவருக்குத் தெரிந்த ஆறுதல் அது ஒன்றுதான்.

பிறகு ஒரே ஒரு யாத்திரை போனேன். மைக் பிடிக்க ஆள் கிடைக்காததால் எண்ணும் வேலையும் என்னிடம். ராஜகோபுரத்துக்கு முன்னால் காலையில் எல்லாரும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். முன்னாலிருந்து எண்ணினேன், நாற்பத்திரண்டு. பின்னாலிருந்து எண்ணினேன், நாற்பத்திரண்டு. செல்வராஜ் அண்ணன், "போலாமா கஸ்தூரி?" என்றார்.

"ஒரு ஆளு கொறையுதுண்ணே" என்றேன்.

அவர் எஞ்சினை அணைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம். பயணிகள், "யாரும்மா வரணும், போன் போட்டுப் பாருங்க" என்றார்கள். பிறகு போனோம், வந்தோம். முட்டத்தில் நான் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை. அதோடு விட்டுவிட்டேன்.

புதுப் பெண்களே, அந்தப் பட்டையும் போனும் நல்லதுதான், உபயோகியுங்கள். நம்ம ஊர் ஆட்கள் பட்டையைக் கழற்றிச் செருப்போடு வைத்துவிட்டுப் போவார்கள், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் பட்டை பயணிக்குத்தான் கட்டுகிறார்களாம், உங்களுக்கு இல்லையாம். அதனால் ஒவ்வொரு தடவையும் ஒருத்தி தலையில் ஒருத்தி தட்டி எண்ணிக்கொள்ளுங்கள்.

இதைப் படிக்கிற எல்லாரிடமும் ஒன்று கேட்கிறேன். தேவகிக்காகக் கொஞ்சம் சாமி கும்பிட்டுக்கொள்ளுங்கள். எந்தச் சாமியாக இருந்தாலும் சரி, செருப்பைக் கழற்றியோ கழற்றாமலோ. அவளுக்குப் பெரிதாக ஒன்றும் கேட்க வேண்டாம். இந்தத் தடவை கீழே யாரும் அவசரப்படுத்தாமல், அவள் நன்றாகச் சுற்றிப் பார்க்கட்டும் என்று மட்டும் கேளுங்கள்.